அரைக்கால்ல விழுந்த கதை: எங்க வீட்டு அஞ்செழுத்து ஆட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி அடைமழை, புதன்கிழமை. ஒருத்தர் ஒளிச்சு வைக்கிற அஞ்செழுத்துத் தமிழ்ச் சொல்லை மத்தவங்க ஆறு வரிக்குள்ள கண்டுபிடிக்கணும், எழுத்தும் இடமும் சரின்னா அந்தக் கட்டம் பச்சை, இதுதான் எங்க ஆட்டம். ஒன்பது பேர் இருக்குற எங்க குடும்ப குரூப்ல அன்னிக்கு சொல் வச்சது பாபநாசம் அத்தை, ஆடுனது மிச்சம் எட்டு பேர். ரெண்டாவது வரி முடியறப்பவே எட்டுல ஏழு பேருக்கு அஞ்சு கட்டத்துல மூணு பச்சை, கையில இன்னும் நாலு வாய்ப்பு. ராத்திரி கணக்கு பாத்தா ஆறு பேர் அவுட். மூணு எழுத்து கையில கிடைச்சும் எப்படி இத்தனை பேர் விழுந்தோம்னு அப்புறம் எல்லாரோட வரியையும் வாங்கி கடையில உக்காந்து ஒண்ணொண்ணா பாத்தேன், அதைத்தான் இங்க எழுதுறேன். நான் கும்பகோணத்துல டிடிபி கடையில டைப் பண்றவ, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ்னு தமிழ் எழுத்தோடதான் பொழப்பு, நானும் அந்த ஆறு பேர்ல ஒருத்தி, அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

ஆட்டம் வீட்டுக்கு வந்த கதை சுருக்கமா. 2022 ஜனவரில அக்கா பையன் பாலிடெக்னிக்ல இருந்து லீவுக்கு வந்தவன் போனை நோண்டிக்கிட்டே இருந்தான், என்னடான்னு கேட்டா வேர்டில்னான். அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தை, ஆறு வாய்ப்பு, நாளுக்கு ஒண்ணுதான், எழுத்து சரி இடமும் சரின்னா பச்சை, எழுத்து இருக்கு இடம் வேறன்னா மஞ்சள், இல்லவே இல்லைன்னா சாம்பல் (எங்க வீட்டு ஆட்டத்துல அது கருப்பு). ஜோஷ் வார்டில்னு ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் தன் துணை பலக் ஷாவுக்காகப் பண்ணுன ஆட்டமாம், 2021 நவம்பர் 1 அன்னிக்கு ஆடுனது வெறும் 90 பேர், 2022 ஜனவரி 2க்குள்ள 3 லட்சம், அந்த மாசம் 31ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் வாங்கிட்டதா அறிவிச்சுட்டாங்க. எனக்கு அதுல புடிச்ச விஷயம் வேற. இங்கிலீஷ்ல அஞ்செழுத்துச் சொல் ஏறக்குறைய 12,000 இருக்கு, அதையெல்லாம் உக்காந்து பாத்து நமக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்குறதை மட்டும் பொறுக்கி 2,500 கிட்ட கொண்டுவந்தது அந்த பலக் ஷாதான். ஆக அதுவும் ஆரம்பத்துல வீட்டுல ஒருத்தர் புடைச்சு எடுத்து வச்ச சொல்லுதான்.

அத்தை கேட்டாங்க, "ஏண்டா தம்பி, தமிழ்ல கெடையாதா இது?" ஆன்லைன்ல தமிழ்லயும் இருக்குதான், ஆனா அத்தைக்கு நாமளே ஒருத்தருக்கொருத்தர் சொல் வச்சு ஆடணும்னு ஆசை. சரின்னு பையன் ஒரு சின்ன வெப் பேஜ் எழுதுனான். முதல் நாள் பெரியப்பா "தஞ்சாவூர்"னு வச்சார், பேஜ் ஒன்பது கட்டம் காட்டுது! த, ஞ், சா, வூ, ர்னு நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து, கம்ப்யூட்டருக்கு புள்ளி தனி, துணைக்கால் தனி, கொம்பு தனி, அது யூனிகோட்ல ஒன்பது குறியீடாத்தான் எண்ணும். எழுத்தா சேத்து எண்ணுற மாதிரி மாத்த அவனுக்கு ரெண்டு நாள் ஆச்சு. அடுத்த கூத்து என்னால. நான் "கொள்ளிடம்"னு வச்சேன், கடை பழக்கத்துல பாமினின்னு பழைய ஃபான்ட்ல அடிச்சு யூனிகோடுக்கு கன்வெர்ட் பண்ணி ஒட்டிட்டேன். எல்லாரும் கொள்ளிடம்னு சரியா அடிச்சும் முதல் கட்டம் பச்சையாகவே மாட்டேங்குது, ஆறு வரியும் போயிருச்சு, மாயவரம் மாமா போன் போட்டு "ஏம்மா, கொள்ளிடத்தை வேற எப்படித்தான் எழுதுவாங்க?"ன்னு கேக்குறார். கொ-வுல க-வைச் சுத்தி வர்ற கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியா எழுதலாம், கொம்பு ஒண்ணு கால் ஒண்ணுன்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், பாக்க ரெண்டும் ஒண்ணுதான், பேஜ் ரெண்டையும் வேற வேறன்னு நெனச்சுருச்சு. அன்னிக்கு நான் வாங்குன ஏச்சு கொஞ்ச நஞ்சமில்ல.

இதெல்லாம் சரியானதுக்கப்புறமும் ஆட்டம் ஓடல. காரணம் 247. இங்கிலீஷ்ல 26 எழுத்து, ஒரு வரி அடிச்சா அதுல அஞ்சுல ஒரு பங்கை சோதிச்சாச்சு. நமக்கு 247ல அஞ்சு, நூத்துக்கு ரெண்டு. "கி" அடிச்சா கருப்பு, "கு" இருக்கான்னு தெரியாது, "கை" இருக்கான்னு தெரியாது, ஆறு வரியும் கருப்பாவே கெடக்கும், சித்தி ஒரு வாரம் ஆடிட்டு "கரி புடிச்ச தோசைக்கல்லு மாதிரி இருக்கு, நான் வரல"ன்னு போயிட்டாங்க. அப்பத்தான் ஆரஞ்சு வந்துச்சு. அடிச்ச எழுத்து இல்ல, ஆனா அதே வரிசைல வேற எழுத்து இருக்குன்னா ஆரஞ்சு, நீ "கி" அடிச்சு சொல்லுல "கா" இருந்தா ஆரஞ்சு. இப்ப 247 எழுத்தும் 18 மெய் வரிசை, 12 உயிர், ஒரு ஆய்தம்னு சுருங்கிருச்சு, ஒரு வரி அடிச்சா ஆறுல ஒரு பங்கு தெரிஞ்சுரும். கருப்புக்கும் வெயிட் வந்துருச்சு, வா கருப்புன்னா வ வரிசையே கிடையாதுன்னு அர்த்தம். (இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கங்க, என் தம்பி வச்சுக்கல.)

முதல் சொல்லு விஷயத்துல இங்கிலீஷ் புத்தியைக் கொண்டுவந்தா வேலைக்காகாது. அங்க ஏ, இ, ஐ, ஓ, யூ எங்க இருக்குன்னு முதல்ல தேடுவாங்க, அடியூன்னு நாலு உயிரெழுத்து இருக்குற வார்த்தையைப் போட்டுத் தொடங்குற ஆளுங்க ஏகப்பட்ட பேர். தமிழ்ல உயிர் தனியா வந்தா சொல்லோட முதல்லதான், நடுவுல எல்லாம் மெய் மேல ஏறி உக்காந்துக்கும், அதனால ரெண்டாவது கட்டத்துல இருந்து உயிரைத் தேடுறது வயல்ல மீன் வலை போடுற கதை. நமக்குக் காசு புள்ளி வச்ச எழுத்துலதான். க், ச், த், ப் நாலும் தன் வரிசையைத் தவிர வேற யாரையும் பின்னாடி சேத்துக்காது, க்-ன்னு தெரிஞ்சா அடுத்தது க வரிசை, கண்ணை மூடிக்கிட்டு எழுதலாம். ங் வந்தா க, ஞ் வந்தா பெரும்பாலும் ச, ந் வந்தா பெரும்பாலும் த, பள்ளிக்கூடத்துல இன எழுத்துன்னு தூங்கிக்கிட்டே படிச்சது. கடைசிக் கட்டத்துல க், ச், ட், த், ப், ற் வராது, முதல் கட்டத்துல புள்ளி எழுத்தே வராது. பக்தி, சப்தம் மாதிரி வந்து சேந்த சொல்லு இதை உடைக்கும், அதுக்கு ஒரு நாள் பூரா சண்டை நடந்து பெரியப்பா அந்த மாதிரி சொல்லு வைக்கக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டார்.

திருவாரூர் பெரியப்பாவுக்கு எப்பவும் ஒரே முதல் சொல்தான், நமசிவாய. "அஞ்செழுத்துன்னா வேற என்னத்தப் போடுறது?"ம்பார். பக்திக்காகப் போட்டாலும் தப்பான ஆட்டமில்ல, ந, ம, ச, வ, ய அஞ்சும் அஞ்சு வரிசை, ஒண்ணுகூட ரெண்டு தடவ வரல. குறை என்னன்னா ஒரு புள்ளிகூட இல்ல, முடியற இடமும் பெரும்பாலான சொல்லுக்கு ஒத்து வராது. நான் தாக்குதல்னு தொடங்குவேன், க் இருக்கு, கடைசில ல் இருக்கு. யாரு முதல் சொல் ஒசத்தின்னு வாக்குவாதம் முத்திப்போய், ஒரு வாரம் எல்லாரும் ஒரே சொல்லுல தொடங்கிப் பாப்போம்னு பந்தயம் வச்சோம், சீட்டுல என்னோடது விழுந்துச்சு. அந்த வாரத்துலதான் அந்தப் புதன்கிழமை வந்துச்சு, அதனாலதான் எட்டு பேர் வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடிஞ்சுது.

சரி, அன்னிக்கு என்ன ஆச்சு. தாக்குதல் போட்டோம். தா கருப்பு, க் மஞ்சள், கு ஆரஞ்சு, த கருப்பு, ல் பச்சை. ல் கடைசில நிக்குது, க்-க்கு ரெண்டாவது இடமில்ல, முதல்லயும் வராது, பின்னாடி க வரிசை வந்தாகணும், அப்ப க் மூணாவதுலதான், நாலாவது க-வோ கா-வோ கி-யோ. டெல்டாக்காரன் கையில இதைக் குடுத்தா என்ன எழுதுவான்? அத்தானைத் தவிர ஏழு பேரும் எழுதுனது வாய்க்கால். வா கருப்பு, ய் கருப்பு, க் கா ல் மூணும் பச்சை. குரூப்ல ஒரே கொண்டாட்டம், தம்பி பட்டாசு ஸ்டிக்கர் போட்டான்.

அத்தை ஒரு வார்த்தையும் பேசல. அதுலயே சுதாரிச்சிருக்கணும்.

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. க்கால்னு முடியுற அஞ்செழுத்து எத்தனை இருக்கு? மரக்கால், பொய்க்கால், அரைக்கால், இடக்கால், வலக்கால், ஒருக்கால், யானைக்கால், கோழிக்கால், மேசைக்கால்னு வரிசைகட்டி நிக்கும். வ வரிசை, ய வரிசை ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்சாச்சு, அப்ப வலக்கால், பொய்க்கால், யானைக்கால் மூணும் போச்சு. மிச்சம் ஆறு, வாய்ப்பு நாலு. ஒவ்வொண்ணா அடிச்சுப் பாக்குறவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தாத்தான் உண்டு. இங்கிலீஷ் ஆட்டத்துலயும் இந்தக் குழி உண்டு, கேட்ச், மேட்ச், பேட்ச், ஹேட்ச், வாட்ச்னு வால் ஒண்ணா இருந்து தலை மட்டும் மாறுற சொல்லுங்க. நமக்கு வால் நீளம், சொல்லும் சொல்லும் ஒட்டிக்கிற மொழி வேற, அதனால குழி இன்னும் ஆழம்.

தம்பி மன்னார்குடில இருக்கான், மூணாவது வரில பொய்க்கால் அடிச்சான். ய் கருப்புன்னு மேல கண்ணு முன்னாடி கெடக்கு! நாலாவதுல யானைக்கால். அதுலயும் ய. கேட்டா "தஞ்சாவூர்க்காரனுக்கு பொய்க்கால் குதிரைதான்க்கா முதல்ல ஞாபகம் வரும்"ங்கிறான். ரெண்டு வாய்ப்பை வாய்க்கால்ல விட்டுட்டு அவுட்டானவன் அவன்.

அக்கா பையனுக்கு ஒரு கொள்கை உண்டு. பச்சையான எழுத்தை அடுத்த வரில அதே இடத்துல வச்சே ஆகணும்னு வேர்டில்ல ஹார்ட் மோட் இருக்கு, அதைத் தனக்குத்தானே போட்டுக்குவான், மத்தவங்க ஆடுறது கோழை ஆட்டமாம். கோழிக்கால், மேசைக்கால், இடக்கால், மரக்கால், முடிஞ்சுது கதை. மாமாவும் அதே வழிதான், கோழிக்கால், இடக்கால், மரக்கால், ஒருக்கால், சொல்லுக்கு ஒரு வரி முன்னாடி வண்டி நின்னுருச்சு. அக்கா நாலாவதோட பஸ் வந்துருச்சுன்னு போயிட்டா.

என் கதை கேவலம். மூணாவதுல மரக்கால் போட்டேன், ர ஆரஞ்சு, நல்ல அடி, ர வரிசைன்னு தெரிஞ்சாச்சு. நாலாவது ஒருக்கால், ரு ஆரஞ்சு. இப்ப அரை ஒண்ணுதான் பாக்கி. எனக்குத் தோணல. அஞ்சாவதுல நரிக்கால்னு அடிச்சேன், அப்படி யாரும் வைப்பாங்களா, அதுலயும் ரி ஆரஞ்சு. ரி இல்லைன்னு தெரிஞ்சும் ஆறாவதுல பரிக்கால். ஏன் அடிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இத்தனைக்கும் அந்த வாரம்தான் ஒரு தையல் கடை நோட்டீஸ்ல "பள்ளிச் சிறுவர்களுக்கு அரைக்கால் சட்டை"ன்னு என் கையாலயே அடிச்சிருக்கேன், சட்டையோட ஒட்டி இருந்தா கண்ணுக்குத் தெரியுற சொல்லு தனியா நின்னா தெரிய மாட்டேங்குது.

அத்தானோடது தனிக்கேஸ், அதுல தப்பு பேஜ் மேல. அவர் சிங்கப்பூர்ல இருக்கார், இங்க காலைல ஆறு மணிக்கு சொல் வச்சா அவருக்கு எட்டரை, ட்ரெயின்ல போய்க்கிட்டே ஆடுவார். ரெண்டாவதுல கலக்கல்னு அடிச்சார். க், ல் பச்சை. க ரெண்டு தடவ இருக்கு, முதல் கட்டத்துல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு, சொல்லுல பாக்கி இருக்குறது ஒரே ஒரு கா. யாருக்கு ஆரஞ்சு குடுக்குறது? பையன் எழுதுன கோடு இடப்பக்கத்துல இருந்து குடுத்துக்கிட்டே வரும், முதல் க-வுக்கு ஆரஞ்சு, நாலாவது க கருப்பு. க்-க்குப் பின்னாடி க வரிசை இல்லைன்னு காட்டுது, இலக்கணத்துக்கே ஆகாத விஷயம். அத்தான் "பேஜ் செத்துருச்சு"ன்னு முடிவு பண்ணி மனசு விட்டுட்டார். இப்ப அதே இடத்துல இருக்குற எழுத்துக்கு முதல் உரிமைன்னு மாத்தியாச்சு.

ஜெயிச்ச ரெண்டு பேர் ரெண்டு விதமா ஜெயிச்சாங்க. பெரியப்பா நாலாவதுல முடிச்சார், மூணாவது மரக்கால், நாலாவது அரைக்கால். எப்படிப் பெரியப்பான்னா "உங்க அத்தை களத்துல நெல்லு அளக்குறதைப் பாத்து வளந்தவ, அவ கால்னு வச்சா கோழிக்காலையா வைப்பா? ஒண்ணு அளவு, இல்லாட்டி கணக்கு"ன்னார். பன்னெண்டு மரக்கால் ஒரு கலம், அது அளவு. காலுக்குப் பாதி அரைக்கால், எட்டுல ஒரு பங்கு, அதுக்குப் பாதி மாகாணி, அது கணக்கு. இருபதுல ஒரு பங்கு மா, எங்க பக்கம் நிலத்தை இன்னிக்கும் மாக்கணக்குலதான் சொல்லுவோம், இருபது மா ஒரு வேலி, மூணு மா சுமாரா ஒரு ஏக்கர். அவர் எழுத்தைத் தேடல, அத்தையைத் தேடுனார். சொல்லு வைக்கிறது மனுஷனா இருந்தா இதுவும் ஒரு வழி. ஐப்பசி கடைசி நாள் மாயவரம் காவிரித் துறையான துலாக்கட்டத்துக்குப் போயி குளிச்சுட்டு வந்து மாமா, அந்தக் கடைசி நாள் முழுக்கோட பேரையே, கடைமுகம்னு வச்சப்ப மூணாவது வரியத் தாண்டாம முடிச்சவங்கதான் நாங்க.

சித்தி ஜெயிச்சதுதான் விஷயமே. திருவையாத்துல இருக்காங்க, அஞ்சாவதுல முடிச்சாங்க. மூணாவது வரில மூணு பச்சையையும் தூக்கிப் போட்டுட்டு மரவட்டைன்னு அடிச்சிருக்காங்க! க் இல்ல, கா இல்ல, ல் இல்ல, நிச்சயமா விடை கிடையாது. நான் முதல்ல பாத்தப்ப கை தவறிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பேப்பர்ல போட்டுப் பாத்தேன், உடம்பு சிலுத்துருச்சு. பாக்கி ஆறு சொல்லு இருக்குல்ல, விடை மரக்கால்னா ம, ர ரெண்டும் பச்சையாகும். மேசைக்கால்னா ம ஆரஞ்சு. இடக்கால்னா ட் ஆரஞ்சு. கோழிக்கால்னா மொத்தமும் கருப்பு. அரைக்கால், ஒருக்கால் ரெண்டுக்கும் ர மட்டும் ஆரஞ்சு. வ மட்டும்தான் வேஸ்ட், அது ஏற்கனவே இல்லைன்னு தெரிஞ்சது. ஒரே அடில ஆறு சொல்லை அஞ்சு கூறா பிரிச்சாச்சு, எந்தக் கூறா இருந்தாலும் அஞ்சாவது வரிக்குள்ள முடிஞ்சுரும். அவங்களுக்கு ர ஆரஞ்சு வந்துச்சு, நாலாவது ஒருக்கால், அஞ்சாவது அரைக்கால். ஒரு வாய்ப்பு மிச்சம்.

போன் போட்டு எப்படி சித்தி தோணுச்சுன்னு கேட்டேன். "ம, ர, ட மூணும் ஒண்ணா இருக்குற சொல்லு வேணும்டி, உலை வச்சுட்டு அதையே நெனச்சுக்கிட்டு பாத்ரூம் போனேன், மழைக்கு ஒண்ணு சுவத்தோரமா சுருண்டு கெடந்துச்சு"ன்னாங்க. வெளக்குமாத்தால தள்ளி விட்டுட்டு வந்து அடிச்சிருக்காங்க.

பையன் ரெண்டு நாள் ஒத்துக்கல. "அரைக்கால்னா ட்ரவுசர்தானே, அது எப்படி தனிச் சொல்லு"ன்னு ஒரு பக்கம், "மரவட்டை ஏமாத்து வேலை"ன்னு ஒரு பக்கம். அத்தை மாகாணி, அதைவிடச் சின்னப் பின்னமான முந்திரி வரைக்கும் வாய்ப்பாடு ஒப்பிச்சு வாய்ஸ் மெசேஜ் அனுப்புன பிறகுதான் அடங்குனான். இனிமே இந்த மாதிரி வால் சொல்லு வைக்கக்கூடாதுன்னு அக்கா ஒரு தீர்மானம் கொண்டுவந்தா, அத்தை அதைக் காதுலயே போட்டுக்கல, நானும் அத்தை பக்கம்தான்.

கார்த்திகை பொறந்து ரெண்டாவது வாரம் அக்காவே வால் சொல்லு வச்சா, பழி வாங்கவாம். தம்பி ரெண்டாவது வரில சுரைக்காய் போட்டு க், கா, ய் மூணையும் பச்சையாக்கிட்டான். மறுபடி அதே குழி, வாழைக்காய், கோவைக்காய், பலாக்காய், கடுக்காய், ஏலக்காய். மூணாவது வரிக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கிட்டான், இவனா இதுன்னு எனக்கே சந்தேகம். அப்புறம் வரி வந்துச்சு, அஞ்சு கட்டமும் கருப்பு. கூடவே பட்டாசு ஸ்டிக்கர்.

அத்தை கேக்குறாங்க, "ஏண்டா, அத்தனையும் கருப்பாக் கெடக்கு, என்னத்துக்கு வெடி போடுறே?"

அவன் அடிச்சது வாசற்படி. வா பச்சையா இருந்தா வாழை, ஆரஞ்சுன்னா கோவை, ப மஞ்சள்னா பலா, டி ஆரஞ்சுன்னா கடு. ஒண்ணுமே எரியல. "பாயசத்துக்குப் போடுறதுதான் அத்தை"ன்னு டைப் பண்ணிட்டு நாலாவது வரியைப் போட்டான்.